சாவியைக் கொடுக்கும் முன்: வலிப்பு உள்ள நாயையும் இரண்டு பூனைகளையும் பெட் சிட்டரிடம் விட்டுப் போகும்போது

கேள்வி சுருக்கமாக இது. சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஏழு வயது லாப்ரடார், வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் சாப்பிடுகிறது. கூடவே இரண்டு பூனைகள். தீபாவளியை ஒட்டி ஊரில் கல்யாணம். பத்து நாள் குடும்பத்தோடு போயாக வேண்டும். தெரிந்தவர் மூலம் வந்த பெட் சிட்டர் ஒருவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அவரை நம்பிச் சாவியைக் கொடுக்கலாமா, இல்லை நாயை போர்டிங்கில் விட்டுவிட்டுப் பூனைகளுக்கு மட்டும் யாரையாவது வந்துபோகச் சொல்லலாமா?

உங்கள் வீட்டு நிலைமைக்கு வந்து தங்குபவர்தான் சரி. தீபாவளி வாரத்தில் போர்டிங் இடங்கள் நிரம்பியிருக்கும். பத்துப் பதினைந்து நாய்கள் குரைக்கும் இடத்தில், பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில், ஒரு நாய்க்கு மட்டும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை தவறாமல் போகிறதா என்று யார் நின்று பார்ப்பார்கள்? பூனைகள் ஆள் மாறுவதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், இடம் மாறினால் ஒடுங்கிவிடும். அதனால் அவற்றுக்குக் காலையும் மாலையும் ஒருவர் வந்துபோனாலே போதும். ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வரக்கூடிய நாய்க்கு அது போதாது.

மீதி இருப்பது இந்தச் சிட்டர் அதற்குப் பொருத்தமானவரா என்பதுதான். பேச்சை வைத்தும், அவர் காட்டும் நாய்ப் படங்களை வைத்தும், "எனக்கு நாய்னா உயிர்" என்ற சொல்லை வைத்தும் இதை முடிவு செய்யாதீர்கள். பலரும் முதலில் திருட்டைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். அதற்கான ஏற்பாடு அரை நாள் வேலை: நகை பேங்க் லாக்கருக்கு, பத்திரங்களும் செக் புத்தகமும் பூட்டிய பீரோவுக்கு, பீரோ சாவி உங்கள் பைக்கு. மிருகங்களுக்கு ஆபத்து வரும் வழி வேறு. சாத்தாமல் விட்ட கதவு, தவறிப்போன மாத்திரை, "காலைல பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட டாக்டர். இந்த மூன்றிலும் அவர் எப்படி என்று தெரிந்துகொண்டால் போதும்.

அதைத் தெரிந்துகொள்ளும் ஒரே வழி, நீங்கள் இல்லாதபோது அவரை உள்ளே விட்டுப் பார்ப்பது. பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது வாலாட்டி நக்கிய நாய், நீங்கள் இல்லாத வீட்டில் அதே ஆள் பூட்டைத் திறந்தால் வாசலில் நின்று உறுமலாம். உங்கள் முன்னால் வந்தவர் அதற்கு விருந்தாளி. ஆள் இல்லாத வீட்டுக்குள் வருபவர் அந்நியர். நீங்கள் ஊருக்குப் போய் எட்டு மணி நேரம் ஆனபிறகு சிட்டர் போன் செய்து "உள்ளேயே விடமாட்டேங்குது" என்றால் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே ஒத்திகையைத் தொடங்குங்கள், மூன்று கட்டமாக.

முதலாவது, நீங்கள் இருக்கும்போது இரண்டு மணி நேரம். அவர் நாயை நோக்கிக் குனிந்து தலையைத் தடவப் போகிறாரா, இல்லை பக்கவாட்டில் நின்று நாயாக வரட்டும் என்று விடுகிறாரா? கட்டிலடியில் ஒளிந்த பூனையை இழுத்து எடுக்கிறாரா, அது வரும்வரை காத்திருக்கிறாரா? சங்கிலியை ஒரு விரலில் மாட்டுகிறாரா, கைப்பிடிக்குள் மணிக்கட்டை விட்டு உள்ளங்கையால் பிடிக்கிறாரா? 28, 30 கிலோ நாய் தெருநாயைக் கண்டு பாய்ந்தால் விரலில் மாட்டிய சங்கிலி நிற்காது. இதையெல்லாம்விட முக்கியம், அவர் என்ன கேட்கிறார் என்பது. கடைசியாக வலிப்பு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, மாத்திரையைத் துப்புமா, பூனை எங்கே ஒளியும், எந்த டாக்டர், ராத்திரி எங்கே கொண்டுபோவது என்று அவராகக் கேட்க வேண்டும். "எல்லாம் பார்த்துக்கறேன், கவலைப்படாதீங்க" என்று மட்டும் சொல்பவரை விட்டுவிடுங்கள். நல்லவராகவே இருக்கலாம், வலிப்பு நாய்க்கு அது போதாது.

இரண்டாவது, நீங்கள் கீழே பார்க்கிங்கில் நிற்க, அவர் தனியாகச் சாவி போட்டுத் திறந்து உள்ளே போய், நாய்க்கு உணவு வைத்து, சங்கிலி மாட்டிக் கீழே அழைத்து வர வேண்டும். நாய் உறுமினால் அவர் செய்ய வேண்டியது நேராகக் கண்ணைப் பார்க்காமல் உடம்பைத் திருப்பி நின்று, தீனியை நாய்க்குப் பின்பக்கமாக வீசி, அது தளரும்வரை காத்திருப்பது. அதட்டுவதும் கையை ஓங்குவதும் கூடாது. வேறு ஒரு நாளில் மறுபடி செய்து பாருங்கள். இரண்டாம் முறையும் விறைப்பாக உறுமினால் இந்த ஜோடி ஒத்துவராது. அதில் யார் மீதும் தப்பு இல்லை. வேறு ஆளைத் தேடுங்கள்.

மூன்றாவது, ஒரு முழு ராத்திரி. நீங்கள் உறவினர் வீட்டில் தூங்குங்கள். ராத்திரி மாத்திரை, காலை மாத்திரை, பூனைகள் மலஜலம் கழிக்கும் மணல் தட்டான லிட்டர் ட்ரே, நடை எல்லாம் அவர் பொறுப்பு. திரும்பி வந்ததும் மாத்திரையை எண்ணுங்கள், கதவைப் பாருங்கள், கேஸைப் பாருங்கள். இந்த ஒத்திகைகளுக்கு முழுச் சம்பளம் கொடுங்கள். ஓசியில் செய்யச் சொன்னால் அவசரமாகச் செய்வார், நீங்களும் குறை சொல்லக் கூச்சப்படுவீர்கள். இதே காரணத்துக்காகத்தான் "சித்தி பையன் இருக்கான், அவனே பார்த்துப்பான்" என்ற ஏற்பாட்டை நான் ஊக்குவிப்பதில்லை. உதவிக்கு வந்த உறவுக்காரப் பையனிடம் மாத்திரை கொடுத்த வீடியோ கேட்க முடியாது. சம்பளத்துக்கு வந்தவரிடம் கேட்கலாம்.

அடையாளச் சரிபார்ப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆதார் நகலை வாங்கிவைப்பதோடு நிறுத்தாமல், அதிலுள்ள கியூஆர் கோடை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்து பெயரும் படமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே இதற்குப் போதும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் பணம் கட்டி ஆள் சரிபார்ப்பு கேட்கலாம். நாளாகும், அதனால் முன்பே விண்ணப்பியுங்கள். அவர் ஏற்கெனவே வேலை பார்த்த இரண்டு வீடுகளுக்குப் போன் செய்யுங்கள். "நல்லவரா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "அவர் இருந்தபோது ஏதாவது தப்பாகப் போனதா, அப்போது உங்களுக்கு எத்தனை மணி நேரத்தில் சொன்னார்?" என்று கேளுங்கள். பத்து நாளும் அவரே தங்குவாரா, வேறு யாரையாவது அனுப்புவாரா, நண்பர்களைக் கூட்டி வருவாரா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரிய சங்கடங்கள் பெரும்பாலும் தனக்குப் பதில் தம்பியை அனுப்புவதில்தான் தொடங்கும், ஏனென்றால் ஒத்திகை பார்த்தது தம்பியோடு இல்லை.

இனி கதவு. இரும்பு கிரில் கேட்டும் மரக்கதவும் இரண்டும் இருக்கும் வீடென்றால் விதி ஒன்றே: ஒன்று பூட்டியிருந்தால்தான் மற்றொன்று திறக்கலாம். வெளியே இருந்து வந்தால் கிரில்லைத் திறந்து உள்ளே நுழைந்து அதைச் சாத்திய பிறகே மரக்கதவு. பால்காரர், கூரியர், குடிநீர் கேன்காரர் வந்தால் நாயை ஓர் அறையில் விட்டுவிட்டுத்தான் கதவுக்குப் போக வேண்டும். வேலைக்கார அம்மாவுக்கு அந்தப் பத்து நாளும் சம்பளத்தோடு லீவு கொடுத்துவிடுவது உத்தமம். ஒருவர் பெருக்கும்போது பால்கனியைத் திறப்பார், இன்னொருவர் அதைக் கவனிக்க மாட்டார். பூனை அந்த இடைவெளியில்தான் போகும். பால்கனிக்கு வலை இருந்தால் ஓரங்களில் தளர்ந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். வலை இல்லையென்றால் பால்கனிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது மாடியிலிருந்து விழும் பூனை காலில் இறங்கினாலும் தாடை, நெஞ்சு, கால் எலும்பு உடைந்து வருவது வழக்கம்.

சாவியில் வீட்டு எண் எழுதிய அட்டை தொங்கக் கூடாது. இரண்டாவது சாவி அதே தளத்திலோ அடுத்த தெருவிலோ உள்ள ஒருவரிடம் இருக்க வேண்டும்; நாய்க்கும் அவரைத் தெரிந்திருக்க வேண்டும். சிட்டருக்கே காய்ச்சல் வந்தால் அவர்தான் மாற்று ஆள், அவருக்கும் ஒருமுறை தனியாக நுழையும் ஒத்திகை தேவை. எண் அமுக்கும் டிஜிட்டல் பூட்டு இருந்தால் அந்தப் பத்து நாளுக்கு மட்டும் செல்லும் எண்ணை வைத்துக் கொடுங்கள். பேட்டரியைப் புறப்படும் முன் மாற்றிவிடுங்கள். வாட்ச்மேனிடமும் அசோசியேஷனிடமும் சிட்டரின் பெயர், படம், தங்கும் தேதிகளைக் கொடுத்துவிட்டால், ராத்திரி நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது கேட்டில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

நடைக்குக் கழுத்துப்பட்டை ஒன்று மட்டும் போதாது. நெஞ்சில் மாட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டையும் ஒரே சங்கிலியில் சேர்க்கும் கொக்கி ஒன்று. பட்டாசு வெடித்ததும் நாய் பின்னோக்கி இழுத்தால் கழுத்துப்பட்டை தலை வழியாக உருவிக்கொள்ளும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டுமே போக வேண்டும். கழுத்துப்பட்டையில் தொங்கும் பெயர்த் தகட்டில் உங்கள் போன் எண்ணோடு சிட்டரின் எண்ணும் இருக்கட்டும். ஊரில் உங்களுக்கு சிக்னல் இல்லாமல் போகலாம். நீங்கள் சில இடங்களில் சங்கிலியை அவிழ்த்து விடுகிறவராக இருந்தாலும் அவர் ஒருபோதும் அவிழ்க்கக் கூடாது. எந்தத் தெரு, எந்த மூலையில் எந்தத் தெருநாய்க் கூட்டம், எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் காகிதத்தில் வரைந்து கொடுத்து இருமுறை கூடவே நடந்து காட்டுங்கள்.

அடுத்தது மாத்திரை. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலோ தவறவிட்டாலோ வலிப்பு திரும்பி வரும், சில நேரம் அடுக்கடுக்காக வரும். நேரத்தைக் காலை 7, இரவு 7 என்று வைத்து அவருடைய போனிலும் உங்கள் போனிலும் அலாரம் வையுங்கள். ஃபீனோபார்பிட்டோன் 30, 60 மில்லிகிராம் என இரண்டு அளவிலும் வருவதால் "ஒரு மாத்திரை" என்று எழுதாதீர்கள், மில்லிகிராமையும் எழுதுங்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லாக் கடையிலும் இருக்காது. பத்து நாளுக்கு 20 வேளை, மழையோ ரயிலோ உங்களைத் தாமதப்படுத்தினால் இன்னும் ஐந்து நாளுக்கு 10 வேளை, ஆக 30 வேளைக்கு வாங்கிவிடுங்கள். வேளைக்கு ஒன்றாகத் தேதி எழுதிய சிறு டப்பாக்களில் போட்டு வைத்தால் கொடுத்தோமா இல்லையா என்ற சந்தேகமே வராது. மாத்திரையை வாயில் வைத்துத் தொண்டையைத் தடவி, விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டும் பத்து விநாடி வீடியோ தினம் இரண்டு முறை வர வேண்டும். உணவில் வைத்துக் கொடுத்தால் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடும் நாய்கள் உண்டு. ஒரு வேளை தவறியது சில மணி நேரத்தில் தெரிந்தால் உடனே கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். இரண்டு வேளையை ஒன்றாகக் கொடுக்கவே கூடாது.

இந்த மருந்து நாய்க்குப் பசியையும் தாகத்தையும் கூட்டும் என்பதைச் சிட்டருக்குச் சொல்லியே ஆக வேண்டும். தெரியாதவர் "பாவம், பட்டினியா இருக்கு" என்று கூடுதலாகப் போடுவார். பத்து நாளில் வயிற்றுப்போக்கு, ஒன்றிரண்டு கிலோ எடை. "ஒரு கப்" என்று எழுதினால் காபி டம்ளரும் கப்தான், சாம்பார்க் கிண்ணமும் கப்தான். சமையலறைத் தராசில் நிறுத்து, கிராமில் எழுதி, வேளைக்கு ஒரு பையாகக் கட்டிவிடுங்கள். தண்ணீர் அதிகம் குடிப்பதால் ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை கண்டிப்பாகக் கீழே அழைத்துப் போக வேண்டும். இல்லையென்றால் ஹாலில் போகும், அது நாயின் குற்றமல்ல.

வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நாற்காலி, மேசையை நகர்த்த வேண்டும். விளக்கையும் டிவியையும் அணைத்து ஃபேனைப் போட வேண்டும், ஏனென்றால் வலிப்பில் உடம்புச் சூடு ஏறும். வாயில் கையோ கரண்டியோ வைக்கக் கூடாது. நாக்கு உள்ளே போகாது, விரல்தான் போகும். இரும்புச் சாவியைத் திணிப்பதும் வேண்டாம். பூனைகளை வேறு அறையில் அடைக்க வேண்டும். முடிந்தபின் நாய்க்குச் சற்று நேரம் யாரையும் அடையாளம் தெரியாது. முகத்தருகே குனிந்தால் நன்கு பழகிய நாயும் கடிக்கலாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டாவது முறை வந்தாலோ, உங்களுக்குப் போன் செய்வதற்கு முன்பே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். மூக்கில் அடிக்கும் மிடசோலம் போன்ற அவசர மருந்தை உங்கள் நாய்க்கு எழுதித் தரலாமா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். எழுதித் தந்தால் அளவையும் முறையையும் சிட்டருக்கு அவரே நேரில் காட்டட்டும்.

மூன்றாவது ஆபத்து தாமதம். சிட்டர் டாக்டரிடம் போகத் தயங்குவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்தான்: பணம் யார் தருவது, "தேவையில்லாம கூட்டிட்டுப் போனீங்களா" என்று கேட்பார்களோ. இரண்டையும் நீங்கள் கிளம்பும் முன்பே தீர்த்துவிட வேண்டும். உங்கள் டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திடுங்கள்: மிருகங்களின் பெயர், வயது, எடை, நோய், மருந்து, ஒவ்வாமை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இன்னார் என் சார்பில் சிகிச்சைக்கு ஒப்புதல் தரலாம், 15,000 ரூபாய் வரை என்னைக் கேட்கத் தேவையில்லை, அதற்கு மேல் போனால் என்னையும், அரை மணி நேரத்தில் நான் கிடைக்காவிட்டால் இந்த உறவினரையும் கேளுங்கள், மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுக்கலாம், உயிரைப் போக்கும் முடிவை என்னையும் இந்த உறவினரையும் தவிர யாரும் எடுக்கக் கூடாது. தொகையை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எண் இல்லாமல் மட்டும் விடாதீர்கள். பத்தாயிரம் ரூபாயை வைத்தியத்துக்கு என்று தனியாகக் கொடுத்து வையுங்கள். செலவாகாதது திரும்பி வரும். போய்வந்தது வீண் என்று தெரிந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

வழக்கமான கிளினிக் ஞாயிறும் தீபாவளி அன்றும் மூடியிருக்கும். அடுத்த இரண்டு இடங்களின் எண்களை எழுதிவைத்து, தீபாவளி அன்று ராத்திரி யார் இருப்பார்கள் என்று ஒரு வாரம் முன்பே போன் செய்து கேளுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும். நாயை ஏற்றுவதற்குப் பல வாடகைக் கார்கள் மறுக்கும். உங்கள் பேட்டையில் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் முன்பே பேசிவிடுங்கள். லிஃப்ட் நின்றுபோனால் 30 கிலோ நாயை மூன்று மாடி இறக்கக் கெட்டியான போர்வை ஒன்றும் இரண்டு ஆட்களும் வேண்டும்; அந்த இரண்டாவது ஆள் வாட்ச்மேனா பக்கத்து வீட்டுக்காரரா என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். பூனைகளின் கூடை பரணில் இருக்கக் கூடாது. இன்றே கீழே இறக்கி, உள்ளே பழைய துணி போட்டு, கதவைத் திறந்து ஹாலில் வைத்தால் கிளம்பும் நேரத்துக்குள் அதில் படுக்கப் பழகிவிடும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இன்னும் சில உண்டு. நாய் குமட்டிக் குமட்டி ஒன்றும் வராமல் வயிறு உப்பினால் இரைப்பை திருகியிருக்கலாம். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஈறு வெளிறி, காய்ச்சலோடு சுருண்டு படுத்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், சென்னையில் அது சாதாரணம். ஆண் பூனை ட்ரேயில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கி ஒரு சொட்டும் வராவிட்டால் மூத்திரப்பாதை அடைப்பு. ராத்திரி என்றாலும் அப்போதே கிளம்ப வேண்டும், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். பூனை ஒரு முழு நாள் எதுவும் தின்னாவிட்டால் டாக்டரிடம் பேச வேண்டும். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும்.

பூனைகளைப் பொறுத்தவரை ஒரே கட்டளை: தினம் இரண்டு முறை, இரண்டு பூனைகளையும் கண்ணால் பார்க்க வேண்டும். "எங்கேயாவது தூங்கும்" என்பது பதிலாகாது. பீரோ, வாஷிங் மெஷின், கட்டில் பெட்டி ஆகியவற்றை மூடும் முன் உள்ளே பார்க்க வேண்டும். ட்ரேக்கள் மூன்று, பூனைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று. கட்டியாகும் மணல் என்றால் ஒரு பூனைக்கு நாளைக்கு இரண்டு முதல் நான்கு மூத்திரக் கட்டிகள் வரும். போகும் முன் ஒரு வாரம் நீங்களே எண்ணி உங்கள் வீட்டுக் கணக்கை எழுதிக்கொடுங்கள். எண்ணிக்கை சட்டென்று குறைந்தால்தான் சிட்டருக்குச் சேதி தெரியும்.

நல்ல எண்ணத்தில் செய்து கெடுப்பவை தனி. சோற்றுத் தட்டில் எறும்பு ஏறினால் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடு போடுவது நம் வீடுகளில் வழக்கம். அதிலுள்ள பைரித்ராய்டு மருந்து பூனைக்கு விஷம். தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்துக்குள் வைத்தாலே எறும்பு வராது. தரைக்கு ஃபினாயில் வேண்டாம். பூனை பாதத்தை நக்கும், அந்த வகை ரசாயனத்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. சோப்புத் தண்ணீர் போதும். நாயின் முதுகில் விடும் உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனையைக் கொன்றுவிடும். உண்ணி மருந்தை நீங்களே போகும் முன் டாக்டரைக் கேட்டுப் போட்டுவிட்டு, பாட்டிலைப் பூட்டி வையுங்கள். பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது, கால் மாத்திரைகூட. திராட்சை போட்ட பலகாரம், சாக்லேட், வெங்காயம், வேகவைத்த எலும்பு எதையும் நாய்க்கு நீட்டக் கூடாது. தீபாவளிப் பலகாரத் தட்டு மேசைமேல் திறந்து இருக்கக் கூடாது.

தீபாவளி அன்றைக்கென்று தனித் திட்டம் வேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசுக்கு அரசு ஒதுக்கிவரும் நேரம் காலை 6–7, மாலை 7–8 என்றாலும், விடியற்காலை நாலரைக்கே சரம் வெடிக்கத் தொடங்கும் தெருக்கள் உண்டு. அன்று காலை நடையை நாலு மணிக்குள் முடிக்கலாம், அடுத்தது வெயில் ஏறி வெடிச் சத்தம் ஓய்ந்த மதியம். மாலையில் நாயையும் பூனைகளையும் தெருவைப் பார்க்காத உள் அறைகளில் தனித்தனியாக வைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனோ ஏசியோ ஓட, டிவி சத்தமாக இருக்கட்டும். பயத்துக்கு மாத்திரை தரலாமா என்று டாக்டரிடம் கேட்டால் ஒரு வேளையை நீங்கள் இருக்கும்போதே கொடுத்துப் பாருங்கள். வலிப்பு மருந்தோடு சேரும்போது எவ்வளவு மயங்கும் என்பதை சிட்டர் முதன்முதலில் தனியாகப் பார்க்கக் கூடாது.

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி தண்ணீரில் நின்றதை மறக்க முடியாது. மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது, ஆனால் கரண்டும் லிஃப்டும் போகும், கீழே இறங்க முடியாது. மூன்று நாளுக்கான குடிநீர் கேன், ஃபிரிட்ஜ் தேவைப்படாத உணவு, பவர் பேங்க், டார்ச் இருக்கட்டும். மண்ணில் மட்டுமே போகப் பழகிய நாயை மொட்டை மாடியில் போகவும் இப்போதே பழக்கலாம்.

சிட்டர் கடிபட்டால் என்ன என்பதையும் பேசிவிடுங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளோ காபித்தூளோ வைக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி, தசையில் போடும் முறையில், 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில்; 0 என்பது முதல் ஊசி போடும் நாள். அரசு மருத்துவமனையில் இலவசம். உங்கள் நாய்க்கும் பூனைகளுக்கும் போட்ட ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் மாநகராட்சி உரிமமும் அவர் கைக்கு எட்டும் கோப்பில் இருக்க வேண்டும். கடிச் செலவு உங்களுடையது என்று எழுதிக்கொடுங்கள், அவர் மறைக்க மாட்டார்.

கேமரா வைக்கலாம், வாசலையும் ஹாலையும் நோக்கி. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். அவர் தூங்கும் அறையிலும் குளியலறையிலும் கூடவே கூடாது. பெண்ணை அப்படி மறைந்து படம்பிடிப்பது பாரதிய நியாய சம்ஹிதையின் 77ஆம் பிரிவின்படி குற்றம். நாள் முழுக்கக் கேமராவைப் பார்த்துக்கொண்டு "ஏன் இன்னும் நடைக்குப் போகலை" என்று செய்தி அனுப்பினால் நல்ல சிட்டர் அடுத்த முறை வர மாட்டார். அதற்குப் பதில் காலையும் இரவும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேளுங்கள்: எத்தனை கிராம் தின்றது, மலம் எப்படி, மாத்திரை வீடியோ, ட்ரேயில் எத்தனை கட்டி, இரண்டு பூனையும் கண்ணில் பட்டதா. தொப்பி போட்ட நாய்ப் படம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் இந்தத் தகவல் இருக்காது. முதல் இரண்டு நாள் நாய் குறைவாகத் தின்னலாம், மலம் சற்று இளகலாம். துள்ளலாக இருந்தால் பயப்பட வேண்டாம் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

சம்பளத்தில் பாதி முதல் நாள், பாதி திரும்பிய அன்று. நடை, சமையல், ட்ரே, செடிக்குத் தண்ணீர் எவையெல்லாம் இதில் அடங்கும், தாமதமானால் நாளுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அவருக்குத் துவைத்த படுக்கை, ஃபிரிட்ஜில் ஒரு தட்டு, வைஃபை, சமைக்க அனுமதி, தீபாவளிக்குத் துணியோ பணமோ. பண்டிகை நாளில் தன் வீட்டை விட்டு வந்து உங்கள் வீட்டில் படுக்கிறவர் அவர்.

கிளம்பும் நாளில் அவரிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு ஓடாதீர்கள். முதல் நாள் மாலையே வந்து தங்கச் சொல்லுங்கள். இரவு 7 மணி மாத்திரையை நீங்கள் பார்க்க அவர் கொடுக்கட்டும், மறுநாள் காலை 7 மணி மாத்திரையையும் அவரே கொடுக்கட்டும், அதன் பிறகு பெட்டியை எடுங்கள். திரும்பி வந்ததும் மீந்த டப்பாக்களை எண்ணுங்கள், சரியாகத் திரும்பியிருந்தால் 10 இருக்க வேண்டும். நாயை எடை போடுங்கள், காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள், இரண்டு பூனையையும் மடியில் வைத்து வயிற்றைத் தடவிப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் மீதிச் சம்பளத்தை அங்கேயே யுபிஐயில் அனுப்பிவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் அந்தத் தேதியை அப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.